உயர்தரம்

யோகமலரின் ஹெல்மெற்றில் கறுப்பு ஸ்ரிக்கர் ஒட்டினார்கள். கூட வந்த மற்றப் பெரியவர்களுக்குப் பச்சையோ நீலமோதான். அவள் அதைக் கவனிக்கவில்லை. பனிச்சறுக்குச் சப்பாத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். வாடகைக்குக் கொடுக்கும் பெண் நான்கு கிளிப்புகளையும் அடித்துப் பூட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டாள். முழங்காலுக்குக் கீழே எல்லாம் பிளாஸ்ரிக். ஒரு அடி வைக்க முழு உடம்பையும் தூக்கி வைக்க வேண்டியிருந்தது.

கனடாவின் மல்வேர்னிலிருந்து காலை ஐந்து மணிக்குப் புறப்பட்ட பஸ். ஏழாம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தெட்டுப் பேர், பெரியவர்கள் ஆறு பேர், மூன்று நாள். எல்லையில் அமெரிக்க அதிகாரி என்ன நோக்கம் என்று கேட்டார். "ஸ்கீயிங்" என்றாள். அந்தச் சொல்லை அவள் வாயால் சொன்னது அதுதான் முதல்முறை. அவர் அவளை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

மலையடியில் ஆசிரியை நிரோஷினி பட்டியலை ஆங்கிலத்தில் வாசித்தாள். பச்சை, பழகாதவர்கள். நீலம், கொஞ்சம் பழகியவர்கள். "பிளாக். அட்வான்ஸ்ட். அனோஜா, நிதுசன், லக்சிகா, மாக்கஸ். சுப்பவைசர், மிஸ் யோகா."

அட்வான்ஸ்ட் என்ற சொல் காதில் விழுந்தபோதுதான் யோகமலருக்குப் படிவம் நினைவுக்கு வந்தது.

அதை அவள் பாடசாலைச் சாப்பாட்டறையில் நின்றபடி நிரப்பினாள். பெயர், தொலைபேசி, ஒவ்வாமை, உயரம், நிறை, சப்பாத்து அளவு. அதன்கீழ் லெவல் என்று ஒரு வரி, மூன்று பெட்டிகள். உயரமும் நிறையும் கேட்கிறவர்கள் படிப்பையும் கேட்கிறார்கள் என்று நினைத்தாள். பிகினர் என்றால் ஊர்ச் சாதாரணதரம், ஓ.எல். ஆக இருக்கும். நடுவில் உள்ளது இந்த நாட்டில் ஏதோ ஒன்று. அட்வான்ஸ் லெவல் என்றால் ஊரில் எழுதிய உயர்தரப் பரீட்சை, ஏ.எல். அது என்னவென்று அவளுக்குச் சொல்லத் தேவையில்லை. தொண்ணூற்றொன்றாம் ஆண்டு, நான்கு பாடத்திலும் சித்தி, மூன்று சீ, ஒரு எஸ். இருபத்தாறு வருடக் கனடாவில் எந்தப் படிவமும் அதை இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. மூன்றாவது பெட்டியில் பேனையை அழுத்திச் சரி போட்டாள். தாளின் மறுபக்கத்தில் அச்சுத் தெரிந்தது.

இப்போது சொல்லிவிடலாம். நிரோஷினி பத்தடி தூரத்தில்தான் நின்றாள்.

யோகமலருக்கு ஐம்பத்து மூன்று வயது. பாண் சுடும் தொழிற்சாலையில் பதினாறு வருடம் பை ஒட்டினாள். அது மூடிய பிறகு பாடசாலையில் மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் வேலை. ஒரு நாளைக்கு ஒன்றரை மணித்தியாலம். இறுகிப்போன சோற்றுப் பிளாஸ்க்குகளை அவளைப் போலத் திறக்க அந்தக் கட்டடத்தில் ஆள் இல்லை. வகுப்பறையில் ஆசிரியருக்கு உதவியாளராகப் போவதற்கென்று ஒரு வருடம் கொலிஜ்ஜில் படித்து முடித்துவிட்டாள். பிள்ளைகளோடு அவள் நிற்பதைக் கண்ட ஓர் ஆசிரியரின் நற்சான்றுக் கடிதம் மட்டும் மிச்சம். விண்ணப்பத்துக்கு இன்னும் இரண்டு கிழமை இருந்தது.

அந்தக் கடிதத்தைத் தரக்கூடியவள் நிரோஷினி. உடற்பயிற்சி ஆசிரியை, முப்பது வயது, இந்த நாட்டிலேயே, அஜின்கோர்ட்டில் பிறந்து வளர்ந்தவள். பிள்ளைகள் முன்னால் "மிஸ் யோகா" என்பாள், தனியே என்றால் "அன்ரி."

"லஞ்ச் றூமிலை நிண்டதை வைச்சு நான் என்ன எழுதிறது அன்ரி? ட்ரிப்புக்கு வாங்கோ. மூண்டு நாள் பிள்ளையளோடை நிண்டால் நல்லா எழுதலாம்."

வீட்டில் கணவர் ஸ்ரீஸ்கந்தராசா சிரித்தார். "அவங்கள் சறுக்குவாங்கள். நீர் அங்கையும் போய் சோத்துப் பெட்டி திறக்கப் போறீரோ?"

"இல்லை. உமக்கு ஒரு மலை வாங்கிக்கொண்டு வரப் போறன்" என்றாள்.

பத்தடிதான். ஆனால் போன மாதம் இதே பயணத்துக்கான படிவங்களை அடுக்கும்போது நிரோஷினி ஒன்றை உருவி எடுத்துக் காட்டினாள். அவசரத்துக்கு யாரை அழைப்பது என்ற இடத்தில் ஒரு தாய், அம்புலன்சைக் கூப்பிடும் 911 என்று எழுதியிருந்தாள். நிரோஷினி மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். "வாசிக்க மாட்டினம் அன்ரி. சும்மா நிரப்புவினம்." யோகமலரும் சிரித்தாள். தேவைக்கு மேலே கொஞ்சம் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இப்போது குறுக்கே நின்றது.

"மிஸ், யூ ஸ்கீ?" என்றாள் அனோஜா. எட்டாம் வகுப்பு. பெரியப்பா வீட்டுக்காரரோடு ஒவ்வொரு குளிர்காலமும் மலைக்குப் போகிறவள்.

யோகமலர் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினாள். ஆம் என்றும் எடுக்கலாம், இல்லை என்றும் எடுக்கலாம். அனோஜா ஆம் என்று எடுத்தாள்.

வரிசை பின்னாலிருந்து தள்ளியது. கம்பியில் தொங்கிவரும் கதிரை முழங்காலின் பின்புறம் இடித்து அவளை வாரி எடுத்தது. ஒரு பக்கம் அனோஜா, மறுபக்கம் நிதுசன். இரும்புச் சட்டம் மடியில் இறங்கியது. நிலம் கீழே போனது. கால்களில் மாட்டிய சறுக்குப் பலகைகள் தொங்கின. அவற்றின் பாரம் இடுப்பு வரை இழுத்தது. அவளுக்குச் செய்ய எதுவும் இருக்கவில்லை. இறங்க முடியாது, திரும்ப முடியாது, அசையவும் கூடாது.

"மிஸ் இஸ் பிறேயிங்" என்றான் நிதுசன்.

"பேசாமல் இரடா" என்றாள் யோகமலர்.

மேலே மற்றவர்கள் எழுந்து வழுக்கிப் போனார்கள். அவள் எழவில்லை. கதிரை அவளைக் கொண்டு வளையப் போனபோது மணி அடித்து எல்லாம் நின்றது. மேலே வேலைசெய்த தாடிக்காரன் ஓடி வந்து கக்கத்தில் கை கொடுத்து இறக்கினான். இரண்டடியில் விழுந்தாள். எழுப்பி மரவேலி ஓரம் நிறுத்தினான். ஓகேயா என்று கேட்டான். ஓகே என்றாள். ஹெல்மெற்றின் கறுப்பு ஸ்ரிக்கரைப் பார்த்துவிட்டு மறுபடியும் கேட்டான். மறுபடியும் ஓகே என்றாள்.

முன்னால் நிலம் முடிந்தது. அதற்கப்பால் பஸ்கள் தீப்பெட்டி அளவில் நின்றன.

நான்கு பிள்ளைகளும் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேற்பார்வையாளர் முன்னுக்கோ பின்னுக்கோ போகலாம், குழுவை விட்டுப் பிரியக்கூடாது. பஸ்ஸில் நிரோஷினி அதை மூன்றுமுறை வாசித்திருந்தாள்.

"நீங்கள் போங்கோ. நான் பின்னாலை வாறன்" என்றாள் யோகமலர்.

போய்விட்டார்கள். அந்த வசனத்துக்கு இரண்டு விநாடிகூட எடுக்கவில்லை.

அவள் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையை விட்டால் பலகைகள் தாமாக நகர்ந்தன. காற்று ஒரே பக்கமிருந்து அடித்தது. கதிரைகள் வந்து ஆட்களைக் கொட்டிவிட்டு வெறுமையாகத் திரும்பின. ஐந்து வயதிருக்கும் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை அவளைக் கடந்து விளிம்பில் மறைந்தது. கைத்தொலைபேசி நடுங்கியது. எல்லாம் சரியா என்று நிரோஷினி கேட்டிருந்தாள். யோகமலர் பல்லால் கையுறையைக் கழற்றிக் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினாள்.

அரைமணித்தியாலத்தில் பிள்ளைகள் அடுத்த சுற்றுக்கு மேலே வந்தார்கள். அவள் அதே இடத்தில் நின்றாள்.

"மிஸ், யூ ஸ்டில் ஹியர்?" என்றான் நிதுசன்.

அனோஜா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கிட்ட வந்தாள். குரலைத் தாழ்த்தினாள். "அன்ரி, உங்களுக்கு ஸ்கீ வராது தானே?"

சாப்பாட்டறையில் அவள் ஒருநாளும் அன்ரி என்றதில்லை.

"கால் நோகுது."

"இற்ஸ் ஓகே. நாங்க சொல்ல மாட்டம்." அனோஜா இடதுபக்கம் தலையைச் சாய்த்துக் காட்டினாள். அங்கே மரங்களுக்கு முன்னால் செம்மஞ்சள் கயிறு கட்டி ஒரு பலகையும் வைத்திருந்தார்கள். "நாங்க அதுக்குள்ள போகப் போறம். நீங்களும் சொல்லக்கூடாது. டீல்?"

"அது மூடியிருக்கெல்லோ."

"கொஞ்சத் தூரம்தான் அன்ரி. அங்கதான் ஸ்னோ நல்லம்."

"வேண்டாம் பிள்ளை. நான் மிஸ்ஸுக்குச் சொல்லுவன்."

"என்னெண்டு?" என்றாள் அனோஜா. கெட்ட எண்ணம் எதுவும் குரலில் இல்லை. உண்மையாகவே கேட்டாள். "மிஸ் உங்கள எங்க நிண்டனீங்க எண்டு கேப்பா தானே."

நிதுசன் முதலில் கயிற்றுக்குக் கீழே குனிந்தான். பிறகு மற்றவர்கள். அனோஜா கடைசியாகப் போகும்போது திரும்பி, சாப்பாட்டறையில் பிளாஸ்க்கைத் திறந்து கொடுத்தால் காட்டுவதைப் போலவே கட்டைவிரலைக் காட்டினாள். மரங்களுக்குள் சிவப்பு ஜக்கெற் ஒன்று இரண்டுதரம் தெரிந்தது. பிறகு தெரியவில்லை. சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

யோகமலர் நிரோஷினியின் இலக்கத்தை அழுத்தினாள். குளிரில் திரை கறுத்துச் செத்துப்போனது.

வேலியிலிருந்து தாடிக்காரனின் கூடு வரை இருபது அடி இருக்கும். பலகைகளைக் கழற்றத் தெரியாது. பனியில் குந்தி, கைகளை ஊன்றி, பின்புறத்தால் அரக்கி அரக்கிப் போனாள். கதிரையிலிருந்து இறங்கியவர்கள் விலகி வழிவிட்டார்கள். கூட்டின் கதவைத் தட்டி அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். நான்கு பிள்ளைகள் அந்த மரங்களுக்குள் போய்விட்டார்கள். எனக்குச் சறுக்கத் தெரியாது. என்னைக் கீழே அனுப்புங்கள், அவர்களுடைய ஆசிரியைக்குச் சொல்ல வேண்டும்.

அவன் வோக்கி ரோக்கியில் மலை ரோந்துக்காரரைக் கூப்பிட்டான். பலகைகளைக் கழற்றிப் பனியில் குத்தி வைத்தான். கதிரையை மெதுவாக்கி அவளைத் தனியே இருத்தி அனுப்பினான்.

அந்தக் கம்பியில் கீழே போகும் ஆள் அவள் ஒருத்திதான். எதிரே மேலே வரும் ஒவ்வொரு கதிரையிலும் முகங்கள். அரைவாசி அவளுடைய பிள்ளைகள். "மிஸ் யோகா!" "மிஸ், ராங் வே!" "மிஸ்ஸுக்குப் பசிச்சிட்டுது!" அவள் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தாள். வேறு எங்கும் பார்க்க இடமில்லை.

பாதி வழியில் கம்பி நின்றது. யாரோ கீழே ஏறும்போது விழுந்திருக்க வேண்டும். கதிரை முன்னும் பின்னும் ஆடி அமைந்தது. எதிரே, பதினைந்தடி தூரத்தில், நீல ஸ்ரிக்கருடன் நிரோஷினி இருந்தாள். பக்கத்தில் துர்க்கா என்ற ஏழாம் வகுப்புப் பிள்ளை.

"அன்ரி?" என்றாள் நிரோஷினி, பிள்ளை இருப்பதையும் மறந்து. "ஏன் கீழை போறீங்கள்? பிள்ளையள் எங்கை?"

"கயிறு கட்டின பக்கம், மரத்துக்குள்ளை போயிட்டுதுகள். நாலும். மேலை நிக்கிறவனுக்குச் சொன்னனான், ஆக்களை அனுப்பிறான்."

"நீங்கள் கூடப் போகேல்லையோ?"

"எனக்குச் சறுக்கத் தெரியாது."

"வட்? ஃபோமிலை அட்வான்ஸ்ட் எண்டெல்லோ போட்டிருக்கிறீங்கள்."

காற்று அடித்தது. கீழே பனியில் யாரோ தவறவிட்ட ஒற்றைக் கையுறை கிடந்தது.

"நான் அதை ஏ.எல். எண்டு நினைச்சன்."

"வட்ஸ் ஏ.எல்.?" என்றாள் துர்க்கா.

நிரோஷினி துர்க்காவின் பக்கம் திரும்பவில்லை. சிரிக்கவும் இல்லை. வாய் கொஞ்சம் திறந்தபடி இருந்தது. அவள் சிரிப்பாள் என்றே யோகமலர் காத்திருந்தாள். சிரித்திருந்தால் நல்லது. இறங்கிப் போகவும் இயலாது, முகத்தைத் திருப்பவும் இயலாது. இருவரும் அப்படியே தொங்கிக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தபடி இருந்தார்கள். எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியவில்லை. பிறகு கம்பி இழுத்தது. நிரோஷினி மேலே போனாள். அவள் கீழே போனாள்.

ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு நான்கு பேரையும் ரோந்துக்காரர் கொண்டுவந்து சேர்த்தார்கள். நிதுசனின் மணிக்கட்டு உடைந்திருந்தது. மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. அனோஜா மலையடி மண்டபத்தின் மறுகோடியில் போய் இருந்தாள். இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

யோகமலர் மேசையருகே நீள வாங்கில் இருந்தாள். சப்பாத்து இன்னும் காலில். கிளிப்பை எந்தப் பக்கம் இழுப்பதென்று பிடிபடவில்லை. யாரையும் கேட்கவும் மனம் வரவில்லை.

நிரோஷினி ஒரு தாளோடு வந்து எதிரே இருந்தாள். ஹெல்மெற் பட்ட அடையாளம் நெற்றியில் சிவந்திருந்தது.

"நிதுசன்ரை அம்மாவோடை கதைச்சிட்டன்."

"ஓம்."

"லெட்டர் என்னாலை எழுதேலாது அன்ரி."

"ஓம். விளங்குது. ஃபோமைப் பிழையா நிரப்பினது என்ரை..."

"ஃபோமுக்கில்லை." நிரோஷினியின் குரல் ஒருகணம் உயர்ந்து இறங்கியது. "காலமை கீழை நிக்கேக்கை சொல்லியிருந்தால் ஸ்ரிக்கரை மாத்தியிருப்பன். அவ்வளவுதான். ரெண்டு நிமிசம். கொஞ்சம் சிரிச்சிருப்பன்."

"அதுதான்" என்றாள் யோகமலர்.

நிரோஷினி அவளைப் பார்த்தாள். பிறகு மேசையைப் பார்த்தாள். தாளையும் பேனையையும் தள்ளி வைத்தாள். நடந்த விபத்தைப் பற்றி மேற்பார்வையாளர் நிரப்ப வேண்டிய படிவம்.

பெயர். திகதி. இடம். யோகமலர் ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து, இரண்டுதரம் வாசித்து எழுதினாள். நாலாவது வரியில் விரல் நின்றது. லெவல் என்று தொடங்கியது. எதிரே மூன்று பெட்டிகள்.

"மிஸ், இதிலை லெவல் எண்டு என்னத்தைக் கேக்கினம்?"

நிரோஷினி தாளைத் தன் பக்கம் திருப்பினாள். "அந்த நேரம் பிள்ளையளை எப்பிடிப் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள் எண்டு. முதலாவது, பக்கத்திலை நிண்டு. ரெண்டாவது, தூரத்திலை நிண்டு. மூண்டாவது, ஆளே இல்லை."

யோகமலர் தாளைத் திருப்பி எடுத்தாள். மூன்றாவது பெட்டியில் சரி போட்டாள். இந்தமுறை பேனையை அழுத்தவில்லை.