வரிசையில் கடைசி ஆள்

அந்த அறையில் டாக்டரம்மா இருந்தார். ஆலோசனை சொல்லும் அக்கா இருந்தார். என் சம்சாரம் செல்வி இருந்தாள். நான் இருந்தேன். கதவைச் சாத்தியிருந்தார்கள்.

எனக்கு எச்.ஐ.வி. இருப்பது ஏழு வருசமாகத் தெரியும். எங்கள் மலையூர் கவுஞ்சியிலிருந்து மாதம் ஒருமுறை மலை இறங்கிக் கூட்டுமருந்து (கிருமியைப் பெருகவிடாமல் அடக்கும் மாத்திரை) வாங்கி வருவேன். ஒரு வேளையும் தப்பியதில்லை. ஆனாலும் அந்த வருசம் காரட் மூட்டை தூக்க முடியவில்லை. பசி செத்துப்போனது. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்.

ஹெபடைடிஸ் சி (ஈரலைக் கெடுக்கும் கிருமி, ரத்தம் வழியாகத் தொற்றும்) என்றார் டாக்டரம்மா. எச்.ஐ.வி. உள்ள உடம்பில் அது வெரசாக வேலை செய்யுமாம்.

“பச்சை குத்துனீங்களா? ரத்தம் ஏத்துனாங்களா? போதை ஊசி?”

எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன்.

“வேற ஊசி?”

அது உண்டு. அறுவடை நாளில் உடம்புவலிக்கு ஊசி போட ஒருவர் தோட்டத்துக்கே வருவார். படித்த டாக்டர் இல்லை. கூலியாட்கள் வரிசையில் நிற்போம். எல்லாருக்கும் ஊசி ஒன்றுதான்.

“எச்.ஐ.வி. இருக்குன்னு தெரிஞ்சுமா நின்னீங்க?”

“கடைசியிலதாங்க நிப்பேன். என்னுது யாருக்கும் ஒட்டிரக் கூடாதுல்ல. எனக்குப் போட்டதும் ஊசிய எறிஞ்சிருவாரு. அதப் பாத்துட்டுத்தான் நகருவேன்.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். “முன்னாடி நின்னவங்க ரத்தமெல்லாம் உங்களுக்குல்ல வந்திருக்கு?”

அதை நான் நினைத்ததே இல்லை. என் ரத்தம்தான் விசம், மற்றவர்கள் ரத்தம் சுத்தம் என்றே இருந்துவிட்டேன்.

செல்விக்கு இரண்டும் இல்லை. வெளியே வந்ததும் சொன்னாள்: “ஊரக் காத்த மவராசா, நடங்க. பஸ்சு போயிரும்.”

கூட நின்றவர்களையும் சோதிக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். சொன்னால், உனக்கு எதுக்குச் சோதிச்சாங்க என்று கேட்பார்கள். ரெண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் காரட் கழுவும் இடத்தில் எச்.ஐ.வி.யையும் சேர்த்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

மேஸ்திரி சிரித்தார். “ஏலே, அது ஒன் சோலி. எங்கள எதுக்கு இழுக்க?”

மறுநாளிலிருந்து என்னை வேலைக்குக் கூப்பிடவில்லை. ஊசிக்காரர் இன்னமும் வருகிறார்.

பாண்டியம்மா மட்டும் சோதிக்க வந்தாள். வரிசையில் எனக்கு நேர் முன்னால் நிற்பவள். அவளுக்கும் ஹெபடைடிஸ் சி இருந்தது. சோதிக்கப் போகும்போது பஸ்ஸில் என் பக்கத்துச் சீட்டு காலி. வத்தலக்குண்டு வரை நின்றுகொண்டே வந்தாள்.

எனக்கு மூன்று மாதம் மாத்திரை. கூட்டுமருந்தோடு சேருமா என்று பார்த்துத்தான் கொடுத்தார்கள். கூட்டுமருந்து சாப்பிடுகிறவர்கள் நீங்களும் அதைக் கேட்டு வாங்குங்கள். முடித்து மூன்று மாதம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். கிருமி இல்லை. ஈரலில் தழும்பு கிடக்கிறது, அதை அவ்வப்போது ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறார்கள். மறுபடி அப்படி ஊசி போட்டால் மறுபடியும் வரும்.

வலது விலாவுக்குக் கீழே ஈரல் என்று ஒன்று இருப்பது இப்போது எந்நேரமும் தெரிகிறது. வலி இல்லை. முன்பு விதைத்தால் அறுப்பு வரை நாள் எண்ணுவேன். இப்போது ஒரு ஸ்கேனிலிருந்து அடுத்த ஸ்கேன் வரை.

எனக்கு முன்னால் நின்றவர்கள் பதினாலு பேர். சோதித்தது ஒருவர்.