குழிக்குள் இறக்கிய விளக்கு

தாராவியில் தோல் பை தைக்கும் குடும்பத்தில் பிறந்த நாகூர் மீரானுக்குத் தோல் வாசனை ஆகாது. ஐ.டி.ஐ. முடித்ததும் தாணேவுக்கு அப்பால் விமான எஞ்சின் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டார். உலோகப் பொடியை லேசரால் உருக்கி, படலம் படலமாக எரிபொருள் தெளிக்கும் முனைகளை அங்கே வளர்க்கிறார்கள். பிறகு அவற்றை ஆழமான குழியில் நிற்கும் உலைக்குள் வைத்து, ஆர்கான் வாயுவை ஏற்றி அழுத்துவார்கள். உள்ளே ஒளிந்திருக்கும் நுண்துளைகள் மூடிக்கொள்ளும்.

ஆர்கானுக்கு நிறமில்லை, மணமில்லை. காற்றைவிடக் கனம். கசிந்தால் மூச்சுக்காற்றை மேலே தள்ளிவிட்டுக் குழியில் தண்ணீர்போலத் தேங்கும். தேங்கியது கண்ணுக்குத் தெரியாது.

மாரிக்கண்ணன் அதில்தான் போனார். மீரானுக்குப் பக்கத்து வீடு, ஒரே வேலை, தினமும் ஒரே ரயில். ஏணியில் இறங்கியவர், "மீரான், அந்த ஸ்பேனர..." என்றார். அவ்வளவுதான். எட்டிப் பார்த்தால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், கண் திறந்தபடி. மீரான் இறங்கவில்லை. இறங்கினால் இரண்டு சாவு என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். மேலே நின்று கத்தினார். மூச்சுக்கருவி மாட்டியவர்கள் வருவதற்குள் முடிந்துவிட்டது. பயந்து நின்னுட்டான் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

பதினாறாம் நாள், உயிர் போன இடத்தில் விளக்கேற்ற வேண்டும் என்றாள் மாரிக்கண்ணனின் மனைவி சங்கரேஸ்வரி. அது தீப்பற்றும் உலோகப் பொடி புழங்காத கூடம் என்பதால் நிர்வாகம் சம்மதித்தது. உலையை நிறுத்தியிருந்தார்கள். குழியைச் சுற்றிய கைப்பிடியில் புதிதாக மாட்டிய ஆக்சிஜன் மீட்டர் பச்சை காட்டியது.

மீரான் அகலைத் தட்டில் வைத்து, கம்பியில் கட்டி இறக்கினார். பாதி ஆழத்தில் சுடர் குறுகியது. ஆடவில்லை. யாரோ வாய் வைத்து உறிஞ்சியதுபோல் அணைந்தது. மறுபடி ஏற்றி இறக்கினார். அதே இடத்தில் அணைந்தது.

"அவுக வேண்டாங்காக," என்றாள் சங்கரேஸ்வரி. "எம்மேல என்ன கோவமோ."

மாரிக்கண்ணனின் தம்பி ரமேஷ்குமார் செருப்பைக் கழற்றினான். "மேல நின்னு ஆட்டுனா அணையத்தான் செய்யும் மதினி. நான் எறங்கி வச்சுட்டு வாரேன்."

ஏணியில் கால் வைத்தவனின் சட்டையை மீரான் எட்டிப் பிடித்தார்.

"மேல ஏறுல. கேஸ் இன்னும் லீக்காவுது."

"மீட்டர் பச்சை காட்டுதுல்லா?"

"மீட்டர் ஒன் நெஞ்சு ஒசரத்துல இருக்கு. கேஸ் கீழ கெடக்கு."

"சோடோ, விடும் அண்ணே! அன்னைக்கு எங்கண்ணனுக்கும் எறங்கல. இன்னைக்கு ஒரு வெளக்குக்குமா ஒமக்குப் பயம்?"

மீரான் பிடியை விடவில்லை. சட்டைத் தோளில் தையல் பிரிந்தது. ரமேஷ் இன்னும் இரண்டு படி இறங்கினான்.

சங்கரேஸ்வரி கம்பியை வாங்கிக்கொண்டாள். விளக்கை ஏற்றித் தானே இறக்கினாள், ரமேஷின் இடுப்பை ஒட்டி, முழங்காலைத் தாண்டி. அவன் பாதத்துக்குக் கீழே ஒரு முழத்தில் சுடர் போயிற்று. அதற்கும் கீழே டியூப்லைட் வெளிச்சத்தில் தரை துடைத்துவைத்ததுபோல் கிடந்தது.

"ரமேசு, மேல வந்துரு."

அவன் அசையாமல் தன் காலடியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஏறினான்.

"வலிச்சிருக்குமா அண்ணே?" என்று மீரானிடம் கேட்டாள்.

"தெரிஞ்சே இருக்காது தாயி."

ரமேஷ் மீரானின் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டான். கேட் வரைக்கும் கையை விடவில்லை.