முன்னங்கால் இடுக்கில் ஒரு கட்டி

எங்கள் நாயின் முன்னங்கால் இடுக்கில் எலுமிச்சை அளவில் ஒரு கட்டி இருந்தது. மருத்துவர் ஊசி குத்திப் பார்த்து, வெறும் கொழுப்புதான் என்றார். கணவரும் நானும் விட்டுவிட்டோம். அவர் கப்பலுக்குப் போன பிறகு அது தேங்காயளவு வீங்கியது. நாய் காலை அகட்டி, நொண்டி நொண்டி நடந்தது.

"கேன்சர் இல்லம்மா. ஆனா இன்னும் வளந்தா நடக்கவே முடியாது. எடுத்துரலாம். வயசான நாய், மயக்க மருந்தைத் தாங்குமான்னு உறுதியா சொல்ல முடியாது," என்றார் மருத்துவர்.

அது என் கணவருடைய நாய். கல்யாணத்துக்கு முன்னாலேயே துறைமுகத்திலிருந்து சட்டைக்குள் வைத்துத் தூக்கி வந்தது. அவரிடம் கேட்கலாமென்றால் கப்பல் நடுக்கடலில். நான் அனுப்பிய செய்திகள் ஒற்றை டிக்கோடு நின்றன. தினமும் நாயின் வயிற்றுக்கடியில் துண்டைப் போட்டுத் தூக்கித்தான் வெளியே கொண்டுபோனேன். ஒருநாள் காலையில் அது தன் மூத்திரத்திலேயே எழ முடியாமல் கிடந்தது. ஆட்டோவுக்குப் போன் செய்தேன்.

கட்டியை எடுக்கச் சொல்லிவிட்டு மருத்துவமனை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வாசலில் உப்பு லாரிகள் போயின. செத்துப்போனால் கொன்றவள் நான். அறுக்காமல் விட்டிருந்தால் முடக்கிப் போட்டவளும் நான். கடலில் இருப்பவருக்கு இரண்டிலும் பங்கில்லை. அவர்மேல் அப்படியொரு கோபம் வந்தது.

மருத்துவர் தட்டில் கட்டியைக் கொண்டுவந்து காட்டினார். கோழிக்கொழுப்பு மாதிரி மஞ்சளாக இருந்தது. "இவ்வளவையும் தூக்கிட்டு நடந்திருக்கும்மா. முழிக்கத்தான் நேரமாகுது, மூச்சு நல்லா இருக்கு."

தையல் பிரிக்கும்வரை ஓடக்கூடாது, நக்கக்கூடாது. கழுத்தில் பிளாஸ்டிக் கூம்போடு அறைக்குள் வைத்தேன். நான் வெளியே வந்தால் கூம்பைச் சுவரில் மோதி ஊளையிட்டது. அதனால் நானும் உள்ளேயே கிடந்தேன். எங்கள் முத்தையாபுரத்துத் தெருப் புழுதிக்கு ஜன்னலையும் திறக்க முடியாது. மருந்து வாடையிலேயே சோறு தின்றேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்கும் போகவில்லை.

ஒருவழியாக அவர் கூப்பிட்டார்.

"ஏளா, என்ன இவ்வளவு மெசேஜ்?"

சொன்னேன்.

"நான் இருந்தா அறுக்க விட்டிருக்க மாட்டேன். செத்திருந்தா?"

"நீங்க இருந்தா நான் ஏன் தனியா முடிவெடுக்கப் போறேன்?"

"இப்ப நடக்கானா?"

"நடக்கான். நான்தான் அறைக்குள்ள அடைஞ்சு கெடக்கேன்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தையல் பிரித்த அன்று நாய் தெருப் பூனையை விரட்டிக்கொண்டு ஓடியது. சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்காவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு டவுனுக்கு பஸ் ஏறினேன். வாங்க வேண்டியது எதுவும் இல்லை. கடைத்தெருக் கூட்டத்தில் சும்மா நடந்தேன்.