பேர் வெட்டின சீவுளி

விரல் நுனியால் பழைய மரத்தைத் தடவும்போது அதில் அமிழ்ந்திருக்கும் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தட்டுப்படும் சுகம், எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகிய வயதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பேர்லினில், நொய்கெல்னில் நாங்கள் இருந்த மாடி வீட்டுக்கு, அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை "ஃப்ளோமார்க்ட்" என்கிற பழஞ்சாமான் சந்தையிலிருந்து கொண்டுவந்த மரம் இழைக்கும் மரச் சீவுளியின் மூக்கில், அதன் முன்முனையில், அந்த எழுத்துகள் இருந்தன. கூடவே எண்ணெயும் பழம்புகையும் கலந்த ஒரு மணம்; இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். முன்பு இங்கே இருந்த அமெரிக்கப் படைக்காரர் ஒருவர் விட்டுப்போனதாம். சமையலறைக் கதவு தரையில் உரசுகிறது, சீவிவிடலாம் என்று அப்பா வாங்கினார். அதன் அடி தட்டையாக இல்லை, வளைந்திருக்கிறது, அது அலங்கார விளிம்பு வெட்டுகிற சாதி என்பதை அவர் கவனிக்கவில்லை. கதவைக் கழற்றிப் படுக்கவைத்துச் சீவப் போன மனுஷன், அதில் அழகான வாய்க்கால் ஒன்றை வெட்டிவிட்டு நின்றார். நானும் அம்மாவும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

சீவுளியைக் கையில் வாங்கியதும் அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"என்னப்பா, இதில பேர் வெட்டிக் கிடக்கு. ஆற்றையோ சாமான். கொண்டுபோய்க் குடுத்திட்டு வாங்கோ."

யாழ்ப்பாணத்தில் கல்யாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் அயலவர்கள் கிடாரம், அண்டா என்று பெரிய பாத்திரங்களை இரவல் கொடுப்பார்கள். எது யாருடையது என்று குழம்பாமலிருக்க, விளிம்பில் புள்ளி புள்ளியாகக் குத்திப் பெயர் "வெட்டி" வைத்திருப்பார்கள். காரியம் முடிந்ததும் பெயரைப் பார்த்துப் பார்த்து எல்லாம் அவரவர் வீட்டுக்குப் போய்ச் சேரும். பெயர் இருந்தால் ஆள் இருக்கிறார், ஆள் இருந்தால் சாமான் அவரிடம் போகவேண்டும். அம்மாவுக்கு இதில் இரண்டாம் பேச்சே கிடையாது.

"சும்மா இரும். அமெரிக்காவில ஆரைப் போய்த் தேடுறது? செத்து எத்தினை காலமோ" என்றார் அப்பா.

"அப்ப எடுத்த இடத்திலயே கொண்டுபோய் வையுங்கோ. பிறத்தியார் முதல் எங்களுக்கு வேண்டாம்."

அடுத்த ஞாயிறு சீவுளி சந்தைக்குத் திரும்புவதென்று முடிவாயிற்று. எனக்கோ அதற்குள் அதன்மேல் ஆசை வந்துவிட்டது, ஆசை என்ன ஆசை, வெறி. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதைத்தான் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெயர் மூக்கில் மட்டும், ஒரே தடவை, மரவாளின் பல்லைப் போன்ற கரைக்குள், கீழே ஊர்ப் பெயரோடு நேராக நின்றது. மற்றது வெறும் இரண்டெழுத்து; முன்னும் பின்னும் பக்கவாட்டிலும், களவு போய்விடுமோ என்ற பயத்தில் குத்தியதுபோலக் கோணல்மாணலாகக் கிடந்தது. சட்டென்று பொறி தட்டியது. ஓடிப்போய் அம்மாவின் சோற்றுப் பானையை எடுத்துக் கவிழ்த்துக் காட்டினேன். அடியில், ஒரே ஓர் இடத்தில், அதைச் செய்த தொழிற்சாலையின் பெயர்.

"இதிலயும் பேர் கிடக்கு அம்மா. பானையையும் குடுத்திட்டு வருவமோ?"

அப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "வாயைப் பார் வாயை!" என்று அகப்பையை ஓங்கினாலும், அம்மாவுக்கு விளங்கிவிட்டது.

"சரி, அது செய்தவன்ரை பேர். மற்ற ரெண்டெழுத்து? அவன்தானே சொந்தக்காரன்?"

ஆனாலும் பாதி வழக்கில் வென்றுவிட்டேன் போலும். "ஆள் வருமட்டும் இருக்கட்டும்" என்று அம்மா அதை அலுமாரிக்கு மேலே தூக்கி வைத்தார். அப்பா தொடக்கூடாது, நான் பார்க்கலாம். பொங்கலுக்கு முதல்நாள் வீடு துடைக்கும்போது அதற்கும் ஒரு துளி நல்லெண்ணெய் கிடைக்கும்.

எங்கள் வீட்டுப் பாத்திரம் ஒன்றிலும் பெயர் இல்லையே, ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "இடம்பெயரேக்க என்ரை பேர் வெட்டின கிடாரம் ஒரு கல்யாண வீட்டில நிண்டிட்டுது. அந்த வீட்டுக்காரர் என்னைத் தேடுவினம். முதல் அது வரட்டும்" என்றார். நம்பித்தான் சொன்னார். எனக்கு அப்போது சிரிப்பு வந்தது.

டார்ம்ஸ்டாட்டுக்குப் படிக்கப் புறப்பட்ட அன்று என் பையில் துவாயால் சுற்றிய சீவுளி இருந்தது. அதன் பின்பக்கத்தில், ஆணியால் குத்திய புதுப் புள்ளிகள்: தவமணி. அம்மாவின் பெயர்.

"ஒருத்தரும் தேடி வரேல்லை. இனி இது என்ரை. உனக்குத் தாறன், கொண்டு போ" என்றார். பிறகு, "என்ரை கிடாரத்திலயும் இந்நேரத்துக்கு ஆரும் தங்கட பேர் வெட்டியிருப்பினம். வெட்டட்டும். சமைச்சுச் சாப்பிடட்டும். நீ ரிக்கற் எடுத்தனியோ?"

ரயிலில் ஏறி இருந்து அழுதேன்.

இன்று பழைய அமெரிக்கச் சீவுளிகளைச் செய்தவர் யார் என்று தெரியவேண்டுமானால் என்னிடம்தான் படம் அனுப்புகிறார்கள், பெருமைதான், மறைப்பானேன்? மஞ்சள் பிர்ச் என்கிற அமெரிக்க மரமா, நீளம் சற்றுக் கூடுதலா, விளிம்புச் சரிவு அகலமாகவும் தட்டையாகவும் இருக்கிறதா என்று பார்த்தால் காலம் பழையதென்று தெரியும். பெயருக்கு அதே பானைக் கணக்குத்தான்: செய்தவர் ஓரிடத்தில் ஒருதடவை குத்துவார், வைத்திருப்பவர் கண்ட இடத்திலெல்லாம் குத்துவார். இதுவரை பெரிதாகத் தவறியதில்லை. எங்கள் சீவுளியைச் செய்தவரையும் கண்டுபிடித்துவிட்டேன். ஊர் உட்பட எல்லாம் தெரியும், இங்கே சொல்லமாட்டேன், நாளைக்கே விலை கேட்டு ஆள் வரும். அண்மையில் வந்த சேகரிப்பாளர் ஒருவர், பின்பக்கப் புள்ளிகள் பொருளைக் கெடுத்துவிட்டன, தேய்த்து எடுத்துவிடலாமே என்றார். "அது சொந்தக்காரரின் குறி" என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டேன்.

இப்போது கல்யாணங்களுக்கு மண்டபக்காரரே பாத்திரம் தருகிறார்கள். யாரும் கிடாரம் இரவல் கேட்பதில்லை, பெயர் வெட்டுவதும் இல்லை. அம்மாவும் இல்லை. அவர் தந்ததுதான், என் பெயரை நான் வெட்டலாம், பின்பக்கத்தில் இடமும் இருக்கிறது. வெட்டவில்லை. பேர் வெட்டின சாமான். ஆள் வருமட்டும் இருக்கட்டும்.