காபி குடிக்காமல் கேட்ட காசு

ஒரு பழங்காசைப் பெண் கேட்பதுபோல் போய்க் கேட்கலாமா? என் சித்தப்பா கேட்டார்.

அரபு ஊரான வாடி மூசாவில் டாக்ஸி ஓட்டும் சுவைலிம் சித்தப்பாவுக்கு நாற்பது வயது, கல்யாணமாகவில்லை. பழங்காசு சேர்ப்பவர். ராஜா முகமும் ராணி முகமும் சேர்த்துப் பொறித்த காசு மட்டும் அவரிடம் இல்லை. பக்கத்து வீட்டு மித்காலிடம் இருந்தது. எட்டுப் பெரியவர்களோடு கேட்கப் போனார். கேட்டது கிடைத்தால்தான் காபி குடிப்பது அங்கே வழக்கம் என்பதால், மித்கால் தந்த காபியை எல்லோரும் கீழே வைத்தார்கள்.

மகளைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்த மித்கால், "கொடுத்தாச்சு, குடிங்க மாப்பிள்ளை" என்றார்.

"அந்த ராஜா ராணி காசுதான் வேணும்" என்றார் சித்தப்பா.

"அடப்பாவி, பொண்ணைக் கேட்டிருந்தா சந்தோஷமா தந்திருப்பேனே."

வாக்கு கொடுத்தாயிற்றே, காசைக் கொடுத்தார்.

மறுவாரம் மித்கால் பத்துப் பேரோடு காசைக் கேட்டு வந்து எங்கள் காபியைக் கீழே வைத்தார். காசு திரும்பிப் போனது. இப்போது வாரம் ஒரு வீட்டில் இருக்கிறது. காபி குடித்தே பெரியவர்களுக்குத் தூக்கம் போய்விட்டது. அதே மாதிரி இன்னொரு காசு வைத்திருப்பவர் காதில் விழும்வரை இந்தக் கதையை எல்லோரிடமும் சொல்லுங்கள்.