சவிரியண்ணை பிந்தி அடித்த மணி

துக்கமணி கேட்டதுமே ஆள் யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் கோயிலில் யார் செத்தாலும் அந்த மணியை அடிப்பவர் சவிரிமுத்து அண்ணைதான். அன்று காலை மணி தடுமாறித் தடுமாறி விழுந்தது. ஒன்று பலமாக, அடுத்தது கேட்குமோ கேளாதோ என்று. அடித்தது அவருடைய கையல்ல. மீன்பெட்டிகளை லொறியில் ஏற்றிக்கொண்டிருந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். "ஐயோ, சவிரியண்ணையோ?" என்றபடி என் மனைவி றெஜினா குசினிக்குள்ளிருந்து ஓடி வந்தாள். விடியவே நெஞ்சு நோகிறதென்றாராம். வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனம் பிடிக்குமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

அவருடைய நினைவுப் பூசையில் உங்கள் முன் வாசிக்க, அவரைப் பற்றி நாலு வார்த்தை எழுதித் தரும்படி கோயில் மூப்பர் கேட்டார். நல்ல மனிதர், பக்திமான் என்று எழுதிக் கொடுத்தால் எல்லாருக்கும் திருப்திதான். எனக்குத் திருப்தியில்லை. அந்த மனிதர் என்னை நிம்மதியாக இருக்க விடாதவர். இப்போதும் விடுகிறாரில்லை.

எங்கள் கடற்கரை ஆண்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். நீங்களும் என்னோடு நின்றவர்கள்தானே! சுவாமியார் பிரசங்கத்தைத் தொடங்கியதும் வெளியே வந்து பூவரசின் கீழ் சுருட்டைப் பற்றவைப்போம். பீடத்துக் கைமணி கடலிரைச்சலில் கேளாது. எழுந்தேற்றத்துக்குச் சவிரியண்ணை கோபுர மணியை அடித்ததும் சுருட்டை எறிந்துவிட்டு உள்ளே ஓடி முழந்தாளிடுவோம். அப்பமும் திராட்சை இரசமும் உயர்த்தப்படும் அந்தக் கொஞ்ச நேரம் உள்ளே இருந்தால் பூசை கண்டதாகக் கணக்கு.

மற்றவர்கள் எப்படியோ, எனக்கு அந்த ஓட்டமும் வெறும் பழக்கமாகிவிட்டது. கடவுளோடு எனக்குக் கோபமில்லை. கோபமிருந்தால் சண்டையாவது பிடித்திருப்பேன். கையில் செபமாலை உருளும், வாய் சொல்லும், மனமோ மாங்குளத்தில் ரயிலுக்கு மீன் போய்ச் சேர்ந்ததா என்று நிற்கும். பிள்ளை காய்ச்சலில் கிடந்தபோதுகூட "மாதாவே" என்று கூப்பிட மனம் எழவில்லை. அதுதான் என்னைப் பயப்படுத்தியது. "உள்ளை வந்து நிண்டால் கால் தேஞ்சு போயிடுமோ?" என்று றெஜினா ஏசுவாள். பிரச்சினை காலில் இல்லை என்று அவளுக்கு எப்படிச் சொல்வது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மணி அடிக்கவில்லை. நாங்கள் அறுக்குளா மீன் விலையைப் பற்றி வாதாடிக்கொண்டு நிற்கிறோம், பெண்கள் முக்காட்டை எடுத்தபடி வெளியே வருகிறார்கள்.

"என்ன, பூசை முடிஞ்சுதோ?" என்றான் ஒருவன்.

"ஓம், முடிஞ்சுது. அடுத்த கிழமையும் வாங்கோ, பூவரசு இங்கைதான் நிக்கும்," என்றாள் றெஜினா, எல்லாருக்கும் கேட்க. பெண்கள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. எங்களுக்கு வந்த கோபம்! சவிரியண்ணையைச் சூழ்ந்துகொண்டோம். மூப்பர் வாய்க்கு வந்தபடி ஏசினார். சுவாமியார் கேட்டபோது, "பிழை விட்டிட்டன் சுவாமி," என்று மட்டும் சொன்னார் சவிரியண்ணை.

வேண்டுமென்றே எங்களை வெட்கப்படுத்தினார் என்றுதான் நினைத்தேன். பின்னேரம் சண்டைக்கென்றே போனேன். கோயில் படியில் தனியே இருந்தார்.

"எங்களுக்குப் பாடம் படிப்பிக்க நீங்கள் ஆர் அண்ணை?"

"உங்களுக்கில்லையடா தம்பி," என்றார். "கயிறு என்ரை கையிலைதான் இருந்தது. சுவாமி அப்பத்தை உயர்த்திறார், நான் பாத்துக்கொண்டு நிக்கிறன். ஆர் வந்திருக்கிறார் எண்டு நான் இவ்வளவு காலமும் மணி அடிச்சனான்? எனக்கு ஒண்டும் தெரியேல்லை. கை எழும்பேல்லை. நீங்கள் வெளியாலை நிண்டு வராமல் விட்டியள். நான் உள்ளுக்கை நிண்டே வராமல் விட்டிட்டன்."

என் கோபம் எங்கே போனதோ தெரியாது. "எனக்கும் அப்பிடித்தான் அண்ணை," என்றேன். அதை நான் வேறு ஒருவரிடமும் சொன்னதில்லை.

"அப்ப எழும்பு. செபம் வரேல்லை எண்டதையாவது போய்ச் சொல்லுவம்."

ஆளில்லாத கோயிலில் முழந்தாளிட்டோம். அவர் சத்தமாகவே சொன்னார்: "ஆண்டவரே, எனக்குச் செபம் வரேல்லை. இவனுக்கும் வரேல்லையாம். எண்டாலும் ரெண்டு பேரும் வந்திருக்கிறம்." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிந்தபோது கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது.

அன்றோடு எல்லாம் மாறியது என்று எழுதினால் பொய். பின்னேரங்களில் அப்படியே போய் முழந்தாளிட்டோம். பல நாள் வெறுமைதான். "இண்டைக்கும் ஒண்டுமில்லை," என்பேன்.

"அந்தரமாயிருக்கோ? மனம் கிடந்து தவிக்குதோ?"

"ஓம் அண்ணை."

"அப்ப உயிர் கிடக்கு. செத்தவனுக்கு என்ன அந்தரம்?"

பிறகொரு நாள் புதுக்குடியிருப்பில் லொறியின் டயர் வெடித்தது. மீன் பழுதாகப் போகிறதே என்று றோட்டோரம் நின்று புறுபுறுத்துக்கொண்டிருந்தேன். இந்த டயரையும் வெயிலையும் பற்றி யாரோடு கதைக்கிறேன் என்று பார்த்தால், ஆண்டவரோடு! எத்தனையோ காலத்துக்குப் பிறகு, நான் கூப்பிடாமலே வாய் அவரைக் கூப்பிட்டிருந்தது. திரும்பி வந்து சவிரியண்ணையிடம் சொன்னேன். "ஏசினாலும் அவரைத்தானே ஏசினனீ," என்று சந்தோஷப்பட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவருடைய மணி எப்போதும் ஒரு மூச்சு பிந்தித்தான் அடித்தது. கவனித்திருப்பீர்கள். "சவிரிக்கு வயசு போட்டுது," என்று சிரித்தீர்கள். காரணம் வயதல்ல. கயிற்றைப் பிடித்தபடி, "நான் வந்திட்டனோ?" என்று தன்னையே கேட்டுவிட்டுத்தான் இழுப்பார். எனக்கு மட்டும் சொன்னதை இப்போது உங்களுக்கும் சொல்லிவிட்டேன். பிந்தும் மணியை நம்பிப் பூசையைத் தவறவிடப் பயந்து சிலர் முன்கூட்டியே உள்ளே வரத் தொடங்கியதில் அவருக்குக் கொஞ்சம் குறும்புச் சந்தோஷமும் இருந்தது.

அடக்கப் பூசையில் பெட்டி பீடத்தின் முன்னே இருந்தது. நான் அதன் பக்கத்தில் முழந்தாளிட்டிருந்தேன். எழுந்தேற்றம் வந்தது. புதிதாகக் கயிறு பிடித்தவர் சரியான நேரத்துக்கு அடித்துவிட்டார். அந்த ஒரு மூச்சு இல்லை. அந்தக் கேள்வியை இனி யார் கேட்பது? அவர் விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது அந்த ஒரு மூச்சும் அதற்குள் வரும் அந்தரமும்தான். அதை விட்டுவிட எனக்கு மனமில்லை. மணியோசை அடங்குமுன் பெட்டியின்மேல் கையை வைத்தேன்.

"ஆண்டவரே," என்றேன், "ரெண்டு பேரும் வந்திருக்கிறம்."