ஓவராலுக்குள் குத்திய ஊக்கு

மூன்று வருடங்களுக்கு முன், தைப்பூசம் முடிந்த வாரத்தில், மெர்கோங்கில் எங்கள் வீட்டில் நடந்தது இது. நான் கரங்கான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் வாயைத் திறந்து ஒன்று கேட்பதென்றால் இன்றும் எனக்குக் கூச்சம். தெரிந்துகொள்ளும் ஆசை மட்டும் நிறைய உண்டு. கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டதால் வந்த வினையைத்தான் எழுதுகிறேன்.

என் மருமகள் விமானப் படைப் பயிற்சித் தளமொன்றில் மெக்கானிக். ஓட்டப் பழகும் பிள்ளைகள் பறக்கும் சின்ன விமானங்களைப் பார்த்துச் சரிசெய்வது அவள் வேலை. காலையில் கிளம்பும்போது தாலிச் சங்கிலி, தோடு, மோதிரம் எல்லாவற்றையும் கழற்றிச் சாமி மேடையில் வைத்துவிட்டுப் போவாள். திரும்பி வந்து குளித்ததும் போட்டுக்கொள்வாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து இப்படித்தான். ஏன் என்று நான் கேட்டதே இல்லை. மாமியார் குறை பிடிக்கிறாள் என்று நினைத்துவிட்டால்?

அந்த வாரம் டிவியில் வேறொரு நாட்டில் போர் விமானம் ஒன்று விழுந்து நொறுங்கியதைக் காட்டினார்கள். டவுனில் மளிகைக் கடை வைத்திருக்கும் என் கொழுந்தனார் எங்கள் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஓட்டுனவன் தப்புதான் அண்ணி, வேறென்ன. அந்த நாட்டு ஏரோப்பிளேன் எப்பப் பாரு விழுந்துகிட்டே இருக்கும். படையா லா அது?" என்றார்.

எனக்குள் பல கேள்விகள். பட்டென்று எப்படிச் சொல்கிறார்? விழுவதை எண்ணினால் போதுமா? கேட்கவில்லை. நொறுங்கிக் கிடந்த இரும்பைப் பார்த்ததும் மருமகளின் வெறும் கழுத்துதான் ஞாபகம் வந்தது.

தாலியைக் கழற்ற நேர்ந்தால் ஒரு மஞ்சள் துண்டை நூலில் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொள்வது எங்கள் வழக்கம். அவளிடம் சொன்னால் மாட்டேன் என்பாள். அதனால் மறுநாள் காலை அவள் குளிக்கப் போனபோது, மஞ்சள் துண்டைச் சின்னத் துணியில் முடிந்து, அவள் வேலைக்குப் போட்டுப்போகும் ஓவரால் உடுப்பின் உள்பக்கத்தில் ஊக்கால் குத்தி வைத்தேன். அன்று அவள் மோட்டார் சைக்கிளில் கிளம்பிப் போனபோது எனக்கு மனசு லேசாக இருந்தது.

பத்து மணிவாக்கில் போன் வந்தது.

"அத்தே, என் ஓவராலுக்குள்ள மஞ்சள் முடிச்சு வெச்சிங்களா?"

ஆமாம் என்றேன். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"எதுல குத்தினிங்க?"

"ஊக்குலதாம்மா."

"முடிச்சு கீழ விழுந்துச்சு. ஊக்கக் காணோம். நான் இவ்வளவு நேரம் பிளேன் சீட்டுக்கு அடியில குனிஞ்சு வேல பார்த்திருக்கேன். வீட்டுல விழுந்திருக்கான்னு நல்லா தேடிப் பாருங்க. மத்தியானம் ஒரு பையன் மொத தடவையா தனியா இத எடுத்துட்டுப் போறான்."

விமானத்தை நிறுத்தி வைத்துவிட்டார்களாம். ஊக்கு வீட்டில் கிடைத்தால் சரி. இல்லையென்றால் சீட்டைக் கழற்றித் தேட வேண்டும் என்றாள்.

முட்டி வலியை மறந்து தரையில் தவழ்ந்தேன். குளியலறை வாசல், மோட்டார் நிற்கும் இடம், துணிக்கூடை எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் அலமாரிக்கு அடியில் துடைப்பத்தை விட்டு இழுத்தபோது ஒரு ஊக்கு வந்தது.

எனக்கு உயிரே வந்தது போலிருந்தது. போனைக் கையில் எடுத்துவிட்டேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அது துருப்பிடித்திருந்தது. நான் குத்தியது அட்டையிலிருந்து அன்றுதான் எடுத்த புதுசு.

உண்மையைச் சொல்கிறேன், அப்போது என் மனம் தடுமாறியது. கிடைத்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் மருமகளுக்கு மானம் போகாது, வேலையும் போகாது. மாமியார் செய்த கூத்து என்று யாரும் சிரிக்க மாட்டார்கள். ஒருவேளை புது ஊக்கு ரோட்டில்கூட விழுந்திருக்கலாம். ஆனால் தனியாகப் பறக்கப்போகும் அந்தப் பிள்ளையை நினைத்தபோது நாக்கு எழவில்லை.

"ஒன்னு கெடச்சிச்சும்மா, ஆனா அது பழசு. நான் குத்துனது இது இல்ல," என்றேன்.

"சரி அத்தே, நல்ல வேள சொன்னிங்க," என்று வைத்துவிட்டாள்.

வெகுநேரம் கழித்து மறுபடி கூப்பிட்டாள். சீட்டைக் கழற்றித் தேடியதில் ஊக்கு கிடைத்துவிட்டது. விமானி கையால் பிடித்து ஓட்டும் தடிக்குக் கீழே போகும் கம்பியின் ஓரத்தில், வாய் திறந்தபடி கிடந்ததாம். மேலே போனபின் அது கம்பியில் மாட்டியிருந்தால் தடி அசையாது என்றாள்.

சாயங்காலம் கொழுந்தனாருக்குச் செய்தி எட்டிவிட்டது. மருமகள் வேலை முடிந்து திரும்பியிருந்த நேரத்தில் சிரித்துக்கொண்டே வந்தார்.

"என்னா அண்ணி, ஒரு ஊக்குக்கு ஏரோப்பிளேனையே பிரிச்சிட்டாங்களாமே? ஏம்மா, ஊக்கக் காணோம்னு நீயே போயி சொன்னியாமே. இனி உங்க இடத்து ரெக்கார்டுல இதுவும் ஏறிடும்."

"ஏறட்டும் மாமா. பெரிய ஆபீசர் எல்லாரையும் கூப்பிட்டு, இந்தப் பொண்ணு மாதிரி வந்து சொல்லுங்கன்னுதான் சொன்னாரு. தப்பே நடக்கலன்னு ஒன்னுமே எழுதாத இடத்தப் பார்த்தாதான் எங்களுக்குப் பயம்."

அன்றுதான் நான் வாய் திறந்தேன். அப்படியென்றால் எந்தப் படை நல்லது, எது மோசம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"மாமா கடை லோரியப் பாருங்க அத்தே. எத்தன இடத்துல நசுங்கியிருக்கு? எதிர்வீட்டுக் காடியில ஒரு கீறல் இல்ல."

"அது எங்க ஓடுது? அந்தக் காரு உறை போட்டே நிக்குது," என்றார் கொழுந்தனார் ரோஷத்தோடு.

"அதேதான் மாமா. எத்தன விழுந்துச்சுன்னு மட்டும் பார்த்தா எப்படி? எவ்வளவு நேரம் பறந்துச்சு, மழையிலயா, மலைக்குப் பக்கத்துலயா, பழைய பிளேனா, எல்லாம் பார்க்கணும்ல?"

அப்புறம் நான் விடவில்லை. பறவை மோதினாலும் விழுமா? தூக்கமில்லாத மெக்கானிக்கால் விழுமா? விழும், ஆனால் பெரும்பாலும் ஒரே காரணத்தால் விழாது, சின்னச் சின்னத் தப்புகள் ஒரே நாளில் சேர்ந்துகொள்ளும் என்றாள். கடைசியில் தாலியைக் கழற்றுவது ஏன் என்றும் கேட்டுவிட்டேன். சங்கிலி இயந்திரத்தில் மாட்டினால் கழுத்து போகும், அறுந்து உள்ளே விழுந்தால் விமானம் போகும் என்றாள்.

"வந்து போட்டுக்கணும்னுதான் அத்தே கழட்டி வெக்கிறேன். அப்பவே கேட்டிருக்கலாம்ல?"

கொழுந்தனார் தேநீரைக் குடித்து முடித்துக் கிளம்பினார்.

அந்தப் பையன் மறுநாள் பறந்து பத்திரமாக இறங்கிவிட்டானாம். அவனை நான் பார்த்ததில்லை. அவன் விழுந்திருந்தால் ஓட்டியவன் தப்பு என்றுதான் எல்லாரும் பேசியிருப்போம், நானும் கேட்டுத் தலையாட்டியிருப்பேன், எங்கோ ஒரு வீட்டில் அவனைப் பெற்றவளும் காலமெல்லாம் அதையே நம்பியிருப்பாள். இப்போது எங்காவது விமானம் விழுந்த செய்தி வந்தால் எனக்கு அந்தத் தாயின் நினைவுதான் முதலில் வருகிறது. காரணம் முழுக்கத் தெரியும்வரை அவள் பிள்ளைமேல் பழிபோட எனக்கு மனம் வருவதில்லை.